தடுப்பில் முப்பதாம் இடம்

நார்பர்ட் வாசிக் மாவட்ட வரி அலுவலகத்துக்குக் கட்ட வேண்டியிருந்த வீட்டு வரி பாக்கி நாலாயிரத்து நூற்றுப் பதினெட்டு டாலர் அறுபத்திரண்டு சென்ட். மார்ச் முடிவதற்குள் கட்டாவிட்டால் ஷெரீப் வீட்டை ஏலம் விடுவார் என்று வாசல் கதவில் மஞ்சள் தாள் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ஏரிக்காற்றில் பறந்துவிடக் கூடாதென்று நாலு மூலைக்கும் டேப். அரசாங்கம் அந்தத் தெருவில் செய்த வேலைகளில் அவ்வளவு உறுதியான ஒன்றை நான் பார்த்ததில்லை.

வீடு ஒன்றும் மாளிகை இல்லை. மரவீடு. கூரை ஒழுகும். பின்பக்க ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்து கிடந்தது. வேறு யார் வீடாக இருந்தாலும் போனால் போகட்டும் என்றிருப்பேன். ஆனால் அந்தப் பின் அறையில்தான் அவன் மனைவி இர்மாவின் சிறுநீரக மெஷின் இருந்தது. இன்சூரன்ஸ்காரர்களோடு இரண்டு வருஷம் மல்லுக்கட்டித் தனிக் குழாயும் தனி மின்கம்பியும் இழுத்து வாங்கியது. அதற்கு முன்னால் அவள் விடிவதற்கு முன் வேன் ஏறிப் பக்கத்து ஊர் மருத்துவமனைக்குப் போய், பிழிந்து போட்ட துணி மாதிரி திரும்பி வருவாள். மெஷின் வீட்டுக்கு வந்த பிறகுதான் அவளுக்கு வாய் திரும்ப வந்தது. வாய் வந்ததும் நார்பர்ட்டைத்தான் முதலில் திட்டினாள். அவன் சமையலறையில் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

நானும் அவனும் துத்தநாகத் தொட்டியில் வேலை. நெடுஞ்சாலை ஓரத்தில் வளைந்து வளைந்து போகுமே இரும்புத் தடுப்பு, அதை உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கிற வேலை. பனிக்காலத்தில் யாரும் சாலை போடுவதில்லை. வாரம் மூன்று நாள்தான் ஆலைக்கு வா என்பார்கள். அந்தச் சம்பளத்தில் மருந்து வாங்கலாம், அல்லது வரி கட்டலாம். அவன் மருந்து வாங்கினான். வரிக்கென்று வங்கியில் ஆயிரத்து முந்நூறு சேர்த்து வைத்திருந்தான். மிச்சத்துக்கு வழி தெரியவில்லை.

வழியைக் காட்டியவன் டெல்ராய். எங்கள் ஆலையில் ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறவன். சாப்பாட்டு அறையில் இருக்கிற டிவியில் முன்பெல்லாம் பாதுகாப்புப் பாடம் ஓடும், கையுறை போடு, கண்ணாடி போடு என்று. இப்போது கோல்டன் விசில் என்கிற பந்தயக் கம்பெனியின் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. அந்த டிவியைப் புதிதாக மாட்டிக்கொடுத்தது அவர்கள்தான்.

"யார் ஜெயிப்பான்னு கட்டுறது முட்டாளுங்க பந்தயம்டா," என்றான் டெல்ராய், சில்லிக் குழம்பு ஊற்றின ஹாட் டாக்கைக் கடித்துக்கொண்டே. "நாம கட்டுறது ஆள் மேல. கூடைப்பந்துல மக்விட்டி இன்னிக்கு எத்தனை புள்ளி எடுப்பான்? கம்பெனி ஒரு கோடு போடும். இருபத்தாறரைன்னு வையி. அதுக்கு மேலயா, கீழயா. அவ்ளோதான்."

"அரைப் புள்ளி எப்படிடா எடுப்பான்?" என்று கேட்டான் நார்பர்ட்.

"எடுக்க மாட்டான். அந்த அரை கம்பெனிக்கு."

"சரி, எடுப்பானா மாட்டானான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அவனை ஏன் பாக்குற? அவனைத் தடுக்கப்போறவனைப் பாரு. முப்பது டீம் இருக்கு. தடுப்பாட்டத்துல யார் கெட்டி, யார் ஓட்டைன்னு வரிசை போட்டு வச்சிருக்கான். ஒண்ணாம் இடம்னா கல்லுச் சுவர். முப்பதாம் இடம்னா கொசுவலை, அதுவும் கிழிஞ்சது. கிழிஞ்சது எங்க ஆடுதோ, அங்க எதிராளி மேல போய்க் கட்டு."

நார்பர்ட் அதிர்ஷ்டத்தை நம்பாத ஆள். வாழ்க்கையில் ஒரு லாட்டரிச் சீட்டு வாங்கியதில்லை. அதனால்தான் மாட்டினான். வரிசை, இடம், சராசரி என்று கேட்டதும் அவனுக்கு அது சூதாட்டமாகவே தெரியவில்லை. வேலை மாதிரித் தெரிந்தது. வேலை என்றால் அவன் முதுகு வளைப்பான்.

முதல் தடவை நாற்பது டாலர் கட்டினான். எழுபத்துச் சொச்சம் வந்தது. அவ்வளவுதான். டிவியில் கோட்டு சூட்டுப் போட்ட மூன்று நிபுணர்கள் பேசுவதைக் கோவிலில் பிரசங்கம் கேட்கிற மாதிரி கேட்க ஆரம்பித்தான். எல் பாஸோ அணி, இடது கைக்காரர்களுக்கு எதிராக, பயணம் செய்த மறுநாள், முதல் பாதியில் மட்டும், இருபத்தொன்பதாம் இடம் என்பார் ஒருவர். இல்லை, மழை பெய்கிற ஊர்களில் மட்டும் இருபத்தேழு என்பார் இன்னொருவர். கூடைப்பந்து கூரைக்குக் கீழேதானே ஆடுகிறார்கள் என்று நான் கேட்டேன். நார்பர்ட் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

அவன் எல்லாவற்றையும் வரிசையில் பேச ஆரம்பித்தான். ஆலையின் மேல்கூரை பனிக்கு எதிராக எத்தனையாவது இடம். என் பழைய லாரி மேட்டுச்சாலைக்கு எதிராக எத்தனையாவது. இர்மா ஒரு நாள் சொன்னாள்: "உப்பைக் குறைன்னு டாக்டர் சொல்லி எத்தனை வருஷமாச்சு? சாசேஜுக்கு எதிரா உன் தடுப்பு எத்தனாவது இடம், அதைச் சொல்லு முதல்ல."

பெரிய பந்தயம் கட்டிய அன்று நானும் அவன் வீட்டில் இருந்தேன். இர்மா மெஷினில் மாட்டிக்கொண்டு கிடந்தாள். மூன்று மணி நேரம் கையை அசைக்கக் கூடாது. டிவியில் ஆட்டம். மக்விட்டி இருபத்தாறரைக்கு மேல் எடுப்பான் என்று அறுநூறு டாலர். எதிரணி டலூத். மக்விட்டி மாதிரி ஆட்களைத் தடுப்பதில் முப்பதுக்கு முப்பதாம் இடம்.

வரிசை பொய் சொல்லவில்லை. டலூத்காரர்கள் நின்றார்கள், அவ்வளவுதான் அவர்கள் தடுப்பு. பேருந்துக்கு நிற்கிற மாதிரி நின்றார்கள். மக்விட்டி நடந்தே போய்ப் போட்டான். ஆட்டம் நாலு பாகம். மூன்றாம் பாகம் முடியும்போது அவனுக்கு இருபத்தைந்து. ஒரே ஒரு கூடை, ரெண்டு புள்ளி, போதும். நார்பர்ட் எழுந்து நின்றான்.

நாலாம் பாகம் தொடங்கியது. மக்விட்டி வரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் இருந்தவனிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"ஏன்டா உக்காந்திருக்கான்?" என்றான் நார்பர்ட். "அடிபட்டுதா?"

"முப்பத்தெட்டுப் புள்ளி முன்னால இருக்காங்கல்ல," என்றேன். "ஜெயிச்சாச்சு. இனிமே எதுக்கு ஓடணும்? ஓய்வு குடுத்துட்டான் கோச்சு."

"இன்னும் ஒரே ஒரு கூடைடா."

"உனக்கு வேணும். அவனுக்கு வேண்டாமே."

இர்மா தலையைத் திருப்பாமல் கேட்டாள்: "அப்போ எதிராளி கொஞ்சம் நல்லா தடுத்திருந்தா நீ ஜெயிச்சிருப்ப. அப்படித்தானே?"

நார்பர்ட் டிவியை அணைத்தான். மெஷின் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. எவ்வளவு கட்டினாய் என்று அவள் கேட்கவில்லை. இருபது முப்பது இருக்கும் என்று நினைத்திருப்பாள்.

மறுநாள் டிவி நிபுணர் ஒரு விளக்கம் கொடுத்தார். "வரிசை சரியாகவே இருந்தது. எவ்வளவு சரியாக இருந்தது என்பதைக் கணக்கில் எடுக்காதது பந்தயக்காரரின் தவறு." நார்பர்ட் தலையாட்டினான்.

அதற்கப்புறம்தான் கம்பெனியிலிருந்து மெக்கென்னா கூப்பிட ஆரம்பித்தாள். அவனுக்கென்றே நியமித்த தனி உபசரிப்பாளராம். மகள் வயசுப் பெண். முதல் நாளே பேர் சொல்லித்தான் கூப்பிட்டாள்.

"நார்பர்ட், நேத்து ரொம்ப வருத்தமாப் போச்சு எனக்கு. தூங்கவே இல்ல. உங்க கணக்குல ஐம்பது டாலர் இலவசப் பந்தயம் போட்டிருக்கேன். இர்மா எப்படி இருக்காங்க? மெஷின் என்னென்னிக்கு?"

இதெல்லாம் அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்காமல் அவன் சொன்னான். செவ்வாய், வியாழன், வெள்ளி, ஞாயிறு. சாயங்காலம். இர்மாவின் உடம்பைப் பற்றி அவ்வளவு அக்கறையாக எங்கள் சங்கத்துத் தலைவர்கூட விசாரித்ததில்லை. கம்பெனியிலிருந்து தலைமூடி வைத்த சட்டை வந்தது. இர்மா பிறந்த நாளுக்குக் கேக் வந்தது, அவள் தின்னக் கூடாத கேக். இலவசப் பந்தயமும் தவறாமல் வந்தது, செவ்வாய், வியாழன், வெள்ளி, ஞாயிறு. மெஷின் ஓடுகிற மூன்று மணி நேரம் அவன் நாற்காலியை விட்டு எழ முடியாது. கையில் போன். போனில் இலவசமாக ஐம்பது. இலவசம் தீர்ந்ததும் சொந்தம். ஆயிரத்து முந்நூறு போனது. பிறகு கடன் அட்டையில் இரண்டாயிரம் போனது.

"நிறுத்திருடா," என்றேன்.

"இப்ப நிறுத்தினா போனது போனதுதான்."

"நிறுத்தலைன்னா?"

"டலூத் வெள்ளிக்கிழமை ஆடுது," என்றான்.

பிப்ரவரியில் ஒரு அழைப்பு வந்தது. கோல்டன் விசில் தலைமையகத்தில் பொறுப்பான ஆட்ட வாரம், அதாவது அளவோடு பந்தயம் கட்டச் சொல்கிற வாரம். வடக்கு ஒஹாயோவின் சிறந்த வாடிக்கையாளராக நார்பர்ட் தேர்வு. விருந்தினர் ஒருவரை அழைத்து வரலாம். இர்மாவால் அவ்வளவு தூரம் உட்கார முடியாது. நான் போனேன். கொலம்பஸுக்கு அவர்களே வேன் அனுப்பினார்கள்.

கட்டடம் முழுக்கக் கண்ணாடி. ஐஸ்கட்டி மேல் இறால் அடுக்கி வைத்திருந்தார்கள், எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம். பொறுப்பான ஆட்டப் பிரிவின் துணைத் தலைவர் ஆல்கட் மேடை ஏறினார். கழுவி இஸ்திரி போட்ட மாதிரி முகம்.

"நாம சூதாட்டக் கம்பெனி இல்ல, நண்பர்களே," என்றார். "நாம அக்கறைக் கம்பெனி. ஒருத்தர் தன் சக்திக்கு மீறி இழக்கிறாருன்னா அது முதல்ல யாருக்குத் தெரியும்? அவர் மனைவிக்குத் தெரியாது. வங்கிக்குத் தெரியாது. அவருக்கே தெரியாது. நமக்குத்தான் தெரியும். தெரிஞ்ச அந்த நிமிஷமே அவருக்குன்னு தனியா ஒரு உபசரிப்பாளரைப் போடுறோம்."

கைதட்டினார்கள்.

"சில பேர் ஜெயிக்கிறாங்க. மறைக்க விரும்பல. ஜெயிக்கிறவங்களை நாம கைவிட மாட்டோம். உடனே அவங்க பந்தய அளவைக் குறைச்சு, ஒரு டாலருக்கு மேல கட்ட முடியாதபடி பாத்துக்குறோம். ஏன்னா ஜெயிக்கிறது ஒரு பழக்கமாயிடும். பழக்கம் எதுவா இருந்தாலும் ஆபத்து."

இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். நார்பர்ட்டும் தட்டினான்.

கூட்டம் முடிந்ததும் ஆல்கட் எங்களை ஒரு பெரிய அறைக்குக் கூட்டிப் போனார். இளம் பிள்ளைகள் வரிசையாகத் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். சுவர் முழுக்க ஒரு பலகை. மெக்கென்னாவும் அங்கே இருந்தாள். போனில் கேட்ட குரலைவிட ஆள் சின்னவள். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், உட்காரவா வேண்டாமா என்று தெரியாமல்.

"இது உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான் நார்பர்ட்," என்றார் ஆல்கட். "நீங்க கட்டுறதுக்கு முன்னாடி எதிரணியோட தடுப்பைப் பாக்குறீங்க இல்லையா? புத்திசாலித்தனம். நாங்களும் அதேதான் செய்யறோம். எங்க எதிரணியோட தடுப்பு எப்படின்னு வரிசை போட்டு வச்சிருக்கோம்."

"உங்க எதிரணி யாரு?" என்று கேட்டான் நார்பர்ட்.

"எதிரணின்னு நான் சொல்லியிருக்கக் கூடாது. வாடிக்கையாளர்."

பலகையின் தலைப்பை நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். வடக்கு ஒஹாயோ, உடலுழைப்பு, ஐம்பது வயதுக்கு மேல். முப்பது பேர். கடைசியில் நார்பர்ட் வாசிக். அவன் பேருக்கு நேராகக் கட்டம் கட்டமாக எண்கள். சம்பள நாளுக்கு எதிராக, முப்பதாம் இடம். இன்னும் ஒரே ஒரு தடவை என்பதற்கு எதிராக, இருபத்தொன்பது. மனைவி மெஷினில் இருக்கும்போது வருகிற இலவசப் பந்தயத்துக்கு எதிராக, முப்பது. பெண் குரலுக்கு எதிராக, பதினொன்று.

"பெண் குரலுக்கு நல்லாவே நின்னிருக்கீங்க," என்றார் ஆல்கட். "மத்தபடி மொத்தத்துல முப்பதாம் இடம். தொடர்ந்து மூணாவது மாசம். இதுவரைக்கும் யாரும் செஞ்சதில்ல."

பிள்ளைகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். மனசார தட்டினார்கள், அதில் கேலி எதுவும் இல்லை. நார்பர்ட் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். டலூத்காரர்களின் பேரை டிவியில் எத்தனை தடவை அந்தக் கடைசி இடத்தில் பார்த்திருப்பான்.

"கிழிஞ்ச கொசுவலை," என்றான் மெதுவாக.

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்ல. அந்த ஓரத்துல இருக்கிற எண்பத்தஞ்சரை என்னது?"

ஆல்கட்டின் முகம் மலர்ந்தது. "அது நம்ம பிள்ளைங்களுக்குள்ள ஒரு விளையாட்டு. வேலையில ஆர்வம் வரணும்ல. வியாழக்கிழமை நார்பர்ட் எத்தனை டாலர் கட்டுவார்? எண்பத்தஞ்சரைக்கு மேலயா, கீழயா? எல்லாரும் மேலதான் கட்டியிருக்காங்க. வரிசையே சொல்லுதே."

நார்பர்ட் பர்ஸை எடுத்தான்.

"கீழ," என்றான். "நான் கீழ கட்டுறேன். இதுல இருக்கிறது எல்லாம். கடன் அட்டையில இன்னும் கொஞ்சம் வரும், அதையும் சேத்துக்கங்க. கீழ."

ஆல்கட் அவன் தோளில் கை வைத்தார். சாவு வீட்டில் வைக்கிற மாதிரி.

"அது முடியாது நார்பர்ட். இந்த ஆட்டத்துல நீங்க ஆட்டக்காரர். ஆட்டக்காரர் தன் ஆட்டத்து மேலேயே பந்தயம் கட்டலாமா? நேர்மைன்னு ஒண்ணு இருக்கு. அது போச்சுன்னா இந்தத் தொழில்ல என்ன மிஞ்சும்?"

"அப்ப நான் எங்கதான் ஜெயிக்கிறது?"

"வேற எந்த ஆட்டத்துல வேணும்னாலும்," என்றார் ஆல்கட்.

நார்பர்ட் பர்ஸை மூடினான். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, கேட்டுவிடலாம் என்று நினைத்திருப்பான் போல. வீட்டு வரியைச் சொன்னான். மெஷினைச் சொன்னான். மார்ச் முடிவைச் சொன்னான். அவர்கள் யாரும் ஆச்சரியப்படவில்லை. மாவட்ட அலுவலகத்து வரி பாக்கிப் பட்டியலை மாதாமாதம் பார்க்கிறவர்களாம். உள்ளே போய் மூன்று பேர் ஒரு அட்டைக் காசோலையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கதவு அளவு இருந்தது. நார்பர்ட் வாசிக்குக்கு, நாலாயிரத்து நூற்றுப் பதினெட்டு டாலர் அறுபத்திரண்டு சென்ட். சென்ட்டைக்கூட விடவில்லை. படம் எடுத்தார்கள். நார்பர்ட் அந்தப் படத்தில் அழுதுகொண்டிருக்கிறான். மெக்கென்னா ஓரத்தில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

மறுநாளே மாவட்ட அலுவலகத்துக்குப் போனோம். காசோலை என் சின்ன லாரியின் முன் இருக்கைப் பக்கம் நுழையவில்லை, பின்தட்டில் கட்டி எடுத்துப் போனோம். கவுன்ட்டரில் இருந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அதை முழுக்கப் படித்தாள். பிறகு திருப்பிப் பிடிக்கச் சொன்னாள். பின்பக்கம் எறும்பு அளவு எழுத்து.

"இது இலவசப் பந்தயம்ங்க," என்றாள். "பணமா எடுக்க முடியாது. பந்தயத்துல மட்டும்தான் வைக்கலாம். ரெண்டு வாரத்துல காலாவதி."

"அவ்வளவு தொகையும் அதுல எழுதியிருக்கேம்மா," என்றான் நார்பர்ட்.

"எழுதியிருக்கு. நானும் பாக்குறேன். ஆனா மாவட்டம் பந்தயம் கட்டாது."

"தவணை ஏதாவது உண்டா?"

"உண்டே. நல்ல திட்டம். போன பதினஞ்சாம் தேதியோட முடிஞ்சுது."

"யாரும் சொல்லலையே."

"நோட்டீஸ் போட்டிருந்தோம்," என்று தனக்குப் பின்னால் இருந்த சுவரைக் காட்டினாள். அவள் தலை மறைத்த இடத்தில் ஒட்டியிருந்தது. "கேட்டவங்க எல்லாருக்கும் சொன்னோம்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இன்னிக்கு டலூத் யாரோட ஆடுது, தெரியுமா உங்களுக்கு?"

நார்பர்ட் தெரியாது என்றான். அவன் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அன்றைக்குத்தான் இர்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். நான் கிளம்பப் பார்த்தேன். "நீ உக்காரு," என்றாள். "நீயும் கூடத்தானே போய் இறால் தின்ன." அவள் கத்தவில்லை. எவ்வளவு போனது என்று கேட்டாள். சொன்னான். பலகையில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டாள். அதையும் சொன்னான்.

"பொம்பளைக் குரலுக்குப் பதினோராம் இடமா," என்றாள். "அதை வேணா நம்பலாம். இருபத்தாறு வருஷமா நான் பேசினது எது உன் காதுல ஏறியிருக்கு."

பிறகு உடைந்த பின் ஜன்னலைக் கைகாட்டினாள். "அந்த அட்டையை அந்த ஜன்னல்ல வச்சு அடி," என்றாள். "குளிருது எனக்கு."

அடித்தோம். குளிருக்கு எதிராக அது நன்றாகவே தாங்கியது.

வியாழக்கிழமை வந்தது. அன்று நான் அங்கே இல்லை, இர்மாதான் பிறகு சொன்னாள். மெஷின் ஓட ஆரம்பித்ததுமே போன் அதிர ஆரம்பித்ததாம். ஐம்பது இலவசம். கொஞ்ச நேரத்தில் எழுபத்தைந்து. பிறகு நூறு. நார்பர்ட் தொடையில் கையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தொட்டிக்கு முன்னால் நிற்கிற மாதிரி வேர்த்துக் கொட்டியது. இர்மா மெஷின் இல்லாத கையை நீட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று மணி நேரம் விடவில்லை. கைவிரல் மரத்துப்போனது என்றாள். ஒரு டாலர்கூடக் கட்டவில்லை அவன்.

ஞாயிற்றுக்கிழமை நான் அவர்கள் வீட்டுச் சமையலறைக் குழாயைச் சரிபண்ணிக்கொண்டிருந்தபோது கதவு தட்டுகிற சத்தம். கம்பெனியின் ஆட்ட நேர்மைக் குழுவிலிருந்து இரண்டு பேர். ஒரே மாதிரி கோட்டு. ஷூவைக் கழற்றிவிட்டு வந்தார்கள், அந்த மரியாதை இருந்தது.

"வியாழக்கிழமை நீங்க போன்ல எங்க ஆப்பைத் திறக்கல," என்றான் ஒருவன்.

"திறக்கல."

"உங்க வியாழக்கிழமைச் சராசரி நூத்திப் பத்து டாலர். திடீர்னு பூஜ்யம். எங்க ஆபீஸ்ல நாப்பது பேருக்கு நஷ்டம். ஒரே ஒருத்தருக்கு மட்டும் லாபம்."

"யாருக்கு?"

"மெக்கென்னாவுக்கு. அவங்க மட்டும் கீழ கட்டியிருந்தாங்க. அவங்ககிட்ட நீங்க முன்கூட்டியே ஏதாவது சொன்னீங்களா?"

"அந்தப் பொண்ணுகிட்ட நான் பேசவே இல்லையே."

"அவங்களும் அதைத்தான் சொன்னாங்க. அன்னிக்கு உங்க முகத்தைப் பாத்தாங்களாம், அதான் கட்டினாங்களாம். அது விதிமீறல். வேலையிலிருந்து எடுத்தாச்சு. சரி, நீங்க ஏன் உங்க திறமைக்கேத்த மாதிரி ஆடல?"

நார்பர்ட் யோசித்துப் பார்த்துச் சொன்னான்: "என் பொண்டாட்டி கையைப் பிடிச்சுக்கிட்டிருந்தா."

மற்றவன் குறித்துக்கொண்டான். "கைக்கு ஏதோ பிரச்சினை. காயம் இருந்தா ஆட்டத்துக்கு முன்னாடியே அறிவிச்சிருக்கணும்."

"காயம் இல்லடா தம்பி," என்றாள் இர்மா அறைக்குள்ளிருந்து. "கை."

அவர்கள் வெளியே போய் யாருக்கோ போன் செய்து பேசிவிட்டுத் திரும்பி வந்தார்கள். ஆட்டத்தின் முடிவை வேண்டுமென்றே பாதித்த குற்றத்துக்காக நார்பர்ட் வாசிக்குக்கு வாழ்நாள் தடை. இலவசப் பந்தயங்கள் அனைத்தும் ரத்து. எங்கள் முடிவு உங்கள் நலனை மனதில் வைத்து எடுக்கப்பட்டது என்று ஒருவன் தாளைப் பார்த்துப் படித்தான். பொறுப்பான ஆட்டப் பிரிவு அனுப்பிய வாழ்த்தும் அதில் இருந்தது. அட்டைக் காசோலை கம்பெனியின் சொத்து, அதைத் திருப்பித் தர வேண்டும் என்றும் எழுதியிருந்தது.

ஜன்னலிலிருந்து ஆணியை அவர்களே பிடுங்கினார்கள். நல்ல பிள்ளைகள்தான், கீழே விழுந்த ஆணியை யாரும் மிதித்துவிடக் கூடாதென்று பொறுக்கி மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்கள். பனிக்காற்று அறைக்குள் வந்தது. நான் போய் ஒரு போர்வையை எடுத்துவந்து தொங்கவிட்டேன்.

ஆலையில் எல்லாரிடமும் துண்டேந்தினேன். அறுநூற்று இருபது டாலர் தேறியது. டெல்ராய் மட்டும் நூறு கொடுத்தான், யார் முகத்தையும் பார்க்காமல். வரி அலுவலகத்து அம்மாள் அதை எண்ணிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தள்ளினாள். முழுத்தொகை இருந்தால்தான் வாங்குவார்களாம், பகுதியாக வாங்கினால் கணக்கு அசிங்கமாகிவிடுமாம்.

ஏப்ரல் முதல் வாரம் ஏலம். நீதிமன்றத்து நடையில் ஷெரீப்பின் ஆள் ஒருவன் முகவரிகளைக் காய்கறி விலை சொல்கிற மாதிரி படித்துக்கொண்டே போனான். க்ளீவ்லண்டிலிருந்து வந்திருந்த ஒருவன் போனில் பேசியபடியே விரலைத் தூக்கினான். அவன் வீட்டைப் பார்த்ததுகூட இல்லை. வரி பாக்கி, வீட்டின் மேல் எடுத்திருந்த பழைய வங்கிக் கடன், ஏலச் செலவு எல்லாம் போக, நார்பர்ட் கைக்கு ஒரு வாடகை முன்பணம் மிஞ்சியது. சலவைக் கடைக்கு மேலே இரண்டு அறை. அங்கே மெஷினுக்குக் குழாய் வைக்க வீட்டுக்காரன் சம்மதிக்கவில்லை. மெஷினை இன்சூரன்ஸ்காரர்கள் வந்து எடுத்துப் போய்விட்டார்கள். இர்மா மறுபடியும் விடிவதற்கு முன் வேன் ஏறுகிறாள். திரும்பி வந்தால் பேசுவதில்லை.

ஏலம் முடிந்த மறுநாள் ரசீது வாங்கிக்கொள்ளச் சொல்லி மாவட்ட அலுவலகத்திலிருந்து ஆள் விட்டார்கள். நானும் கூடப் போனேன். அதே அம்மாள்தான். திரையைப் பார்த்தாள், விசையைத் தட்டினாள், முத்திரையை எடுத்து ஓங்கிக் குத்தினாள்.

"நாலாயிரத்து நூத்திப் பதினெட்டு டாலர் அறுபத்திரண்டு சென்ட், முழுசா வந்து சேர்ந்துடுச்சு," என்றாள். "பாக்கி பூஜ்யம். இனிமே உங்க பேர்ல வீட்டு வரின்னு ஒரு சென்ட் வராது, மிஸ்டர் வாசிக்."

"வீடே இல்லையேம்மா," என்றான் நார்பர்ட்.

"அதாங்க," என்றாள் அவள், அடுத்த ஆளைக் கைகாட்டிக் கூப்பிட்டபடி.